நுரை வராத சோப்பும் ஒரு கிண்ணம் பெஸ்டோவும்

இதைச் சொல்லும்போது தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்துப் பக்கம் அம்மியில் பெஸ்டோ என்கிற இத்தாலியப் பச்சைத் துவையலை அரைத்து, அதனாலேயே ஊரில் தங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

எட்டு வருஷம் சிங்கப்பூரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் இருந்தேன். பாத்திரம் கழுவப் போய், கடைசி மூன்று வருஷம் சாஸ் அரைக்கும் ஆளாக உயர்ந்தேன். அந்த முறை விடுப்பில் வந்து வாசலில் இறங்கியபோது என் மகள் என்னைப் பார்த்து, "அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே ஓடினாள். அன்றிலிருந்து என் மனைவி ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "இந்தத் தடவையும் போயித்தான் ஆகணுமா?"

போகாமல் இருக்க ஒரு வேலை வேண்டும். பெரிய கோயிலைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை நம்பித் தஞ்சாவூரில் புதுப்புது ஹோட்டல்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கட்டி முடியாத ஒன்றில் போய்க் கேட்டேன். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வாயால யாரு வேணும்னாலும் சமைக்கலாம். எங்க கிச்சன் இன்னும் முடியல. ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கே வர்றேன். இத்தாலிக்காரன் சாப்பாடு ஏதாவது செஞ்சு காட்டுங்க, பாப்போம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வாங்க. வயித்தைக் காலியா வச்சுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். பெஸ்டோவுக்கு பேசில் இலை வேண்டும். அதற்கு எங்கே போவேன்? மறுநாள் வாய்க்கால் கரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது காலில் ஒரு செடி உரசியது. குப்பென்று சிங்கப்பூர் சமையலறையின் வாசனை! குனிந்து பார்த்தால், நம் திருநீற்றுப்பச்சிலை. சின்ன வயதில் காதுவலிக்குச் சாறு பிழிந்து விட்ட அதே இலை. அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து விமானத்தில் வந்தது, இங்கே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

ஆலிவ் எண்ணெய் மெடிக்கல் ஷாப்பில்தான் கிடைத்தது, குழந்தைக்குத் தேய்க்கும் குட்டிப் பாட்டில்களில். ஆறு கேட்டேன். "எத்தனை குழந்தைங்க சார்?" என்றார் கடைக்காரர். பூண்டு வீட்டில் இருந்தது. பைன் கொட்டைக்குப் பதில் முந்திரி. மளிகைக்கடையில் மக்ரோனி. கட்டிச் சீஸ் மட்டும் இங்கே கிடைக்காது; வீட்டில் ஒருநாள் செய்து காட்டலாமென்று ஒரு துண்டை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியிலேயே கொண்டுவந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியைத் திறந்தால் சீஸைக் காணோம்.

"அந்த மஞ்ச பார் சோப்பா?" என்றாள் மனைவி. "நேத்து அத்தைக்குக் குடுத்துட்டேனே."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் வீட்டுக்கு ஒரு சோப்பு கொடுக்காவிட்டால் எங்கள் ஊரில் ஏச்சுதான். பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். என் அப்பாவின் தங்கையான அத்தை, கொல்லையில் துவைக்கிற கல்லில் மாமாவின் வேட்டியை விரித்து, மூச்சு வாங்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா தம்பி, அரைமணி நேரமா தேய்க்கிறேன், ஒரு பொட்டு நுரை வரல. உன்னை எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

"அத்தை, அது சோப்பு இல்ல. திங்கிறது!"

அத்தை வேட்டியை முகர்ந்து பார்த்தாள். "திங்கிறதா? இதையா?"

தேய்த்த பக்கத்தை விரற்கடை ஆழத்துக்குச் சீவி எறிந்தேன். உள்ளே கட்டி பொன்னிறமாக, ஈரம் படாமல் இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

மனைவி அம்மியின் முன் உட்கார்ந்தாள். பூண்டும் முந்திரியும் நசுங்கின. இலையை வைத்ததும் அவள் கை தன்னால் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனது. எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி தெளிக்காம எப்படிங்க அரைக்கிறது?"

"எண்ணெய் போதும். மைய வேணாம், கொரகொரன்னு நிறுத்து."

மெஷினில் அரைத்தால் இலை சூடேறிக் கறுக்கும். அவள் குழவியில் கடைசிவரை பச்சைப் பசேலென்று இருந்தது. சீஸைத் துருவிப் போட்டுக் கிளறி ஒரு விரல் எடுத்து நக்கினேன். சிங்கப்பூரில் மூன்று வருஷம் நான் அரைத்த எதுவும் இதற்கு உறைபோடக் காணாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

மேனேஜர் வந்தார். சுடச்சுட வடித்த மக்ரோனியில் பிசறிக் கொடுத்தேன். முதல் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இரண்டாவது தட்டை அவரே நீட்டினார்.

"இந்த எலை எங்கேருந்து வருது?"

"வாய்க்கால் கரையிலேருந்து."

"தெனமும் கெடைக்குமா?"

"ஆட்டுக்கு முந்திக்கிட்டா கெடைக்கும்."

சிரித்துவிட்டார். "ஒண்ணாம் தேதி வந்துடுங்க" என்றார்.

வாசலில் நின்ற அத்தை விடுவாளா? "நான் நல்லா தேச்சுக் குடுத்ததாலதான் இந்த ருசி" என்றாள். மேனேஜர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.

அவர் போனதும் என் மனைவி சிங்கப்பூர்ப் பெட்டியை வெயிலில் காயவைத்தாள். அதில் அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த உளுந்தை விளிம்புவரை கொட்டி மூடினாள்.

"இனிமே எங்க போறதா இருந்தாலும் காலையில பஸ்ஸுல போங்க" என்றாள். "சாயங்காலம் வந்துடுங்க."