மினானிக்கு வாயாக இருந்தவன்

ஞாயிறு பூசை முடிந்ததும் லிபெராத்தா கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மேட்டில் ஏறி நிற்பாள். சரிவில் இருந்த அவள் வீட்டில் சிக்னல் கிடைக்காது. புருண்டிப் பட்டாளத்தோடு சோமாலியாவுக்குச் சண்டைக்குப் போயிருந்த கணவன் மினானி அந்த நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவான். பெரிதாக ஒன்றும் பேசமாட்டான். பீன்ஸ் பூத்துவிட்டதா, கூரை ஒழுகுகிறதா, மகள் கேசா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, அவ்வளவுதான்.

திடீரென்று அழைப்பு நின்றுபோனது. அந்தப் பட்டாளத்தின் முகாமில் குண்டு விழுந்ததாக ரேடியோ சொன்னது. செத்தவர் பெயர் எதையும் சொல்லவில்லை. கிணற்றடிக்கு அவள் போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அதிலேயே அவள் பாதி செத்துப்போனாள்.

ஆனாலும் ஞாயிறு தவறாமல் மேடேறினாள். அப்படி நின்ற ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணி, நான் கஹுங்கு. மினானியோட ஒரே கூடாரம். நைரோபி ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல கிடக்கோம். அவன் நல்லாயிருக்கான்."

"நல்லாயிருக்கறவரு ஏன் பேசல?"

"தாடை உடைஞ்சிடுச்சு. பல்லோட பல்லைச் சேர்த்துக் கம்பி கட்டியிருக்காங்க. வாயைத் திறக்க முடியாது."

சாவுச் செய்தியை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார்கள்.

"பொய் சொல்லாதீங்க. கல்யாணத்துக்கு மறுநாள் நான் எதை உடைச்சேன்னு அவரைக் கேளுங்க."

"கையால காட்டறான் அண்ணி... உருண்டையா... பானை! குடிக்கிற மாதிரி காட்டறான்... வாழைப்பழக் கள்ளா? கைத்தடி ஊன்றிக் காட்டறான்... மாமனாரா? ஐயையோ, அவரு தலையிலயா போட்டீங்க?"

"தலையில இல்ல, காலுல!" என்று அவள் கத்தினாள்.

அந்தப் பக்கம் மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தாலும் அது மினானியின் சிரிப்புதான். லிபெராத்தா புல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் மினானி கையால் பேசினான். கஹுங்கு வாயால் சொன்னான்.

"கண்ணே, உன்னை நினைச்சுத்தான் உயிரோட இருக்கேன்னு சொல்றான் அண்ணி."

"அவரு அப்படியெல்லாம் பேசற ஆளில்ல. நீங்களா சேர்த்துச் சொல்றீங்க."

"கொஞ்சம் சேர்த்தேன். ஆனா தலையாட்டறான், பாருங்க!"

"போன்ல எங்கய்யா பார்க்கறது?"

கம்பியை எடுத்த அன்று மினானி வாய்திறந்து கேட்டது பீன்ஸ் நன்றாகக் காய்த்ததா என்றுதான்.

அவன் ஊர் திரும்பி, அடுத்த அறுவடை முடிந்ததும் கஹுங்குவை வரவழைத்தார்கள். ஒரு கால் தாங்கித் தாங்கி நடந்து வந்தான். அவன் முகத்தை அவள் அன்றுதான் பார்க்கிறாள். "அண்ணி" என்ற அந்தக் குரலைக் கேட்டதுமே லிபெராத்தா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்த ஒரே கன்றின் கயிற்றை அவன் கையில் கொடுத்தாள். அந்த ஊர்ப் பக்கம் நன்றிக்கு அதற்கு மேல் கொடுக்க ஒன்றுமில்லை.

கஹுங்கு கயிற்றைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

"எனக்கு யாருமில்ல அண்ணி. ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட அவனுக்காகப் பேசறப்ப, எனக்கும் ஒரு வீடு இருக்கற மாதிரி இருக்கும். நான்தான் உங்களுக்கு ஏதாவது குடுக்கணும்."

"வாயை மூடிட்டு முதல்ல சாப்பிட வாங்க" என்றாள் லிபெராத்தா. மினானி அதற்குள் மூன்று பேருக்கும் கள் ஊற்றிவிட்டிருந்தான்.