திங்கட்கிழமைக்காரர்

நான் சர்வேயர். திருச்சுழிப் பக்கத்து விவசாயி ஒருவர் வரப்புத் தகராறுக்காகத் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்து வந்தார். அளந்து பார்த்தேன், நியாயம் அவர் பக்கம்தான். பக்கத்துக் காட்டுக்காரரும் ஒப்புக்கொள்ள, எல்லைக்கல்லை நட்டோம். மனுக் கொடுத்தவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலுக்காகத் திரும்பிப் போனேன். உச்சி வெயிலில் தனியாக நின்று, அந்தக் கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, அது ஒங்களுக்குச் சாதகமான கல்லுய்யா!"

"தெரியும் சார். இது இருந்தா திங்கக்கெழம நான் எங்க போக?" என்றவர் மெல்ல நிமிர்ந்தார். "ஒங்க முழுப் பேரு என்ன?"

சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் முதல் ஆளாக நின்றார். நான் கல்லே நடவில்லை என்று என் பேரில் மனு. முகத்தில் அப்படியொரு களை!

நியாயம் வாங்கிக் கொடுத்ததாக நினைத்தேன். அவருக்கிருந்த ஒரே பிடிப்பைப் பிடுங்கியிருக்கிறேன். இப்போது திங்கட்கிழமை தவறாமல் நானும் கலெக்டர் ஆபீஸில் நிற்கிறேன், அவர் மனுவுக்கு விளக்கம் சொல்ல.