தறிக்குழிக்கு ஒரு விமானப் படம்

1971 ஆகஸ்ட் 8, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், சவரம், காபி, பிறகு பேப்பர். ஞாயிறு என்பதால் விளம்பரங்களையும் விடவில்லை.

எதிர்வீட்டு நெசவாளர் குமரேசனும் அவர் மனைவி சரசுவும் வந்தார்கள். பல வருஷ வாடகை வாழ்க்கைக்குப் பிறகு செவிலிமேட்டில் ஒரு மனை படிந்திருக்கிறது. மறுநாள் அட்வான்ஸ்.

"கடைசியா ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடலாம், நீங்களும் வாங்க சார்."

வழியில் பள்ளி மைதானத்தில் விவசாயக் கண்காட்சி. ஒரு பலகையில் விமானத்திலிருந்து எடுத்த இரண்டு படங்கள் — ஒரே இடம், பத்து வருஷ இடைவெளி. ஏரிகள் எப்படி மாறுகின்றன என்று கண்காணிப்பதற்காம்.

"யார் வேணும்னாலும் பாக்கலாம், அளந்தும் பாக்கலாம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. "கறுப்பா இருக்கறது தண்ணி. வெளுப்பு, காஞ்ச நிலம்."

சரசு முதலில் ஊர்க் கோயில் கோபுரத்தைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து சாலையோடு விரலை நகர்த்தினார். "இந்த வளைவு... இதோ, நம்ம மனை."

புதிய படத்தில் வெளுப்பு. பழைய படத்தில் அதே இடம்... கறுப்பு.

"ஏரியோட ஓரம்மா அது" என்றார் அதிகாரி. " அப்போ நாணலும் கொக்குமா இருந்துது. தண்ணி சுருங்கினதும் சீமைக் கருவேலம் வந்துடுச்சு. நல்ல மழை பெஞ்சா மறுபடியும் ஊறும்."

குமரேசன் முகம் சுருங்கியது. "இப்ப காஞ்சுதானே கெடக்குது?"

நான் சமாதானம் சொன்னேன். "அடித்தளத்தை உசத்திக் கட்டிடலாமே."

சரசு சிரித்துவிட்டார். "வீட்ட உசத்தலாம் சார். தறிக்குழிய எங்க உசத்தறது? இவரு கால தொங்கப்போட்டு மிதிக்கறதே குழிக்குள்ளதானே?"

"மீன் புடிச்சுக்கினே நெய்யலாம்" என்றார் குமரேசன். ஆனால் மனம் ஆறவில்லை. "தோண்டிப் பாத்துடறேன். படம் பொய்யா இருந்தா அட்வான்ஸ் குடுத்துடுவேன்."

மனைக்குப் போகாமலே திரும்பினோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். மாப்பிள்ளை என்றால் மூன்று தலைமுறை விசாரிக்கிறோம். மண்ணுக்கு? நேற்று என்னவாக இருந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா?

திங்கள் காலை, முதல் வேலையாக, தரகரிடம் சொல்லிவிட்டு குமரேசனும் சரசுவும் கடப்பாரையோடு மனைக்குப் போனார்கள். நானும் போனேன். முழங்கால் ஆழத்திலேயே ஈரக் களிமண், அதில் வெள்ளை வெள்ளையாய் நத்தை ஓடுகள். குமரேசன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த வருத்தம் இல்லை, நிம்மதிதான்.

அட்வான்ஸுக்காக அங்கேயே காத்திருந்த தரகர் கையை நீட்டினார். சரசு ஒரு பிடி நத்தை ஓடுகளை அதில் வைத்தார்.