பெனிக்னா சுமந்த பனி

மலையேற வரும் வெளியாட்களின் சுமையைத் தூக்கிப் பிழைப்பவள் பெனிக்னா கிஸ்பெர்ட். அடுக்குப் பாவாடையும் முள் பூட்டிய காலணியுமாய் அவள் ஏறினால், முதுகுத் துணியில் முப்பது கிலோ இருப்பதே தெரியாது.

அவள் கணவன் எவாரிஸ்தோ உருக்காலையின் உலைக்கூடத்தில் இருபத்தொரு வருடம் உழைத்தான். கை நடுங்கி, கரண்டி பிடிக்க முடியாமல் செத்தான். பரிசோதனையில் ஊரார் ரத்தத்தில் தெரிந்த ஈயம் ஸ்பானியர் காலத்துச் சுரங்கங்களின் மிச்சம், எங்கள் புகைக்கு அதில் பங்கில்லை என்று ஆலைக்காரர்கள் கைவிரித்தார்கள்.

அந்தப் பேச்சு மெய்யா என்று பார்க்கத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் உச்சிப் பனியைத் துளைக்க வந்தார்கள். வருடா வருடம் விழுந்த பனி அடுக்கடுக்காய் உறைந்து கிடக்கிறது. அந்தந்த வருடத்துப் புகை அந்தந்த அடுக்கில் சிக்கியிருக்கிறது. தூண் தூணாய் எடுத்த பனியை வெயில் ஏறுமுன் கீழே சேர்த்தவள் பெனிக்னா. பதினேழு பெட்டி, ஒன்றுகூட உருகவில்லை.

ஆனால் முதல் நாளே ஒரு காரியம் செய்துவிட்டாள். ஊர் தெய்வமாய்க் கும்பிடும் மலைத் தாத்தாவிடம் கேட்காமல் அவர் உடம்பில் ஊசி குத்தலாமா? கோக்கா இலை, லாமாக் கொழுப்பு, சந்தையில் விற்கும் குட்டி ஈயப் பொம்மைகள் எல்லாம் வைத்து, துளைகருவிக்குப் பக்கத்திலேயே எரித்துக் கும்பிட்டாள். தலைமை ஆராய்ச்சிக்காரி இல்சே தலையில் கை வைத்துக்கொண்டாள். கருவியைக் காற்று வரும் பக்கமாக முந்நூறு தப்படி நகர்த்திவிட்டு, நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

பொது விசாரணையில் இல்சே முடிவுகளைப் படித்து முடித்ததும், ஆலை வக்கீல் அந்த ஒரு வரியைத் தூக்கிப் பிடித்தார்.

"ஈயத்தை எரிச்சது நீதானேம்மா? அப்புறம் பனியில ஈயம் இருக்குன்னு ஊரைக் கூட்டுனா எப்படி?"

பின்வரிசையில் சிரிப்பு. பனி செல்லாது என்று எழுதிவிட்டால் எவாரிஸ்தோவின் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை.

பெனிக்னா எழுந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை.

"ஆமா, நான்தான் எரிச்சேன். அஞ்சு பொம்மை, மேல கிடந்த புதுப் பனியில. இவங்க சொல்ற ஈயம் இருபது ஆள் ஆழத்துல ஆரம்பிக்குது, உங்க உலை பத்தவெச்ச வருஷத்துல. அவ்வளவு தூரம் இறங்கிப் போக என் பொம்மைக்குக் காலா இருக்கு, வக்கீலய்யா? அதுக்கும் கீழ ஸ்பானியர் காலத்துப் பனி. அதுல இந்த ஈயத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல. அந்தப் பெட்டியையும் நான்தான் சுமந்தேன்."

இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. பனியைச் சாட்சியாக ஏற்பதாக விசாரணைத் தலைவர் எழுதச் சொன்னார்.

அடுத்த முறை ஏறும்போது பெனிக்னா பூசைப் பொட்டலத்திலிருந்து ஈயப் பொம்மைகளை எடுத்துப் போட்டுவிட்டாள். தாத்தா கோபித்துக்கொள்வார் என்று உடன் வந்த சுமைக்காரிகள் பயமுறுத்தினார்கள்.

"அவருக்குத்தான் ஆலைக்காரன் இத்தனை வருஷமா ஊட்டியிருக்கானே," என்றாள். "போதும்."