மெஷின் காட்டிய விரிசல்

குதிரையேற்றப் பள்ளியின் லாயக்காரரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். குதிரைகளிடம் ஓயாமல் பேசுவார், மனிதர்களிடம் அளந்துதான். "உன் கண்ணுக்குத் தெரியணும்னா நாலு கால் இருக்கணும்" என்று திட்டிவிட்டுத்தான் அவர் பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனாளாம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். படுக்கை தீவன அறையில். தலை நரைத்ததும் அங்கேயேதான்.

அவர் குட்டியிலிருந்து வளர்த்த பழுப்புப் பெண்குதிரை, சேணம் வைத்தாலே உதைக்க ஆரம்பித்தது. திமிர் என்று முதலாளி சாட்டையால் விளாசினார். ஒருநாள் ரேடியோ என் கால்நடை கிளினிக் வாசலில் வந்து நின்றார்.

"அதுக்கு வலிக்குது டாக்டரம்மா. நான் சொன்னா அவரு காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு. நீங்க படம் புடிச்சுக் காட்டுங்க, அடிக்கிறதை விட்டுடுவாரு."

முதலாளியைச் சம்மதிக்க வைத்தது தனிக் கூத்து. முடியை மழித்து, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை முதுகிலிருந்து இடுப்பு வரை நகர்த்தினேன். எலும்பு திரையில் ஒரே வெள்ளைக் கோடாக ஓட வேண்டும். இடது இடுப்பில் கோடு அறுந்து, படிபோல் இறங்கியிருந்தது. இதோடு ஆளையும் சுமந்து சுற்றியிருக்கிறது, வாயில்லா ஜீவன்!

"திமிர் இல்லை சார், எலும்புல விரிசல். சில மாசம் சேணமே கூடாது. சும்மா நின்னா சேர்ந்துடும்."

"நான்தான் சொன்னேனே!" என்றார் ரேடியோ. முகமெல்லாம் சிரிப்பு.

முதலாளி திரையையே பார்த்தார். "அப்புறம் பழையபடி ஓடுமா?"

"ஓடலாம். உறுதியா சொல்ல முடியாது."

"உறுதி இல்லாததுக்கு நான் எதுக்குத் தீனி போடணும்?"

அந்த வாரமே கறிக்கு வாங்குகிறவனின் வண்டி வந்துவிட்டது. திமிர் என்று நினைத்த வரைக்கும் அடித்தாவது வைத்திருந்தான், பாவி. நோவு என்று தெரிந்ததும் தள்ளிவிட்டான். வண்டியில் ஏற்றியதும் ரேடியோதான். வேறு யார் கயிற்றைப் பிடித்தாலும் அது நகராதாம்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை.

பிறகு ஒருநாள் அங்கே தடுப்பூசி போடப் போனேன். கடைசிக் கொட்டிலில் கறுப்புக் குதிரை ஒன்று, பின்னங்காலை ஊன்றாமல், ஒரு பக்கம் இடுப்பு சரிந்து நின்றது. யார் பார்த்தாலும் தெரியும். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். ரேடியோ குறுக்கே வந்து நின்றார்.

"இவனுக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் ஓடுறான். நீங்க ஊசியைப் போட்டுட்டுக் கிளம்புங்க."