கவிழ்த்துப் போட்ட சீட்டு

லானி டாக்கெட் தன் சீட்டை ஒரே ஒரு முறைதான் பார்ப்பார். கட்டைவிரலால் ஓரத்தைத் துளி தூக்கி, பார்த்து, உடனே அதன்மேல் ஒரு பீச் பழக்கொட்டையை வைத்துவிடுவார். வேண்டாத சீட்டென்று நினைத்து நான் வாரிவிடக் கூடாது, அதற்குத்தான். மற்றவர்கள் வெள்ளிக்காசு வைப்பார்கள், குட்டி யானைப் பொம்மை வைப்பார்கள். இவருக்குத் தின்றது போக மிஞ்சியதே போதும்.

லாஸ் வேகாஸின் பழைய கடைத்தெருவில் இருக்கும் இந்தச் சீட்டாட்டக் கூடத்தில் நான் சீட்டுப் போடுகிறவன். லானிக்கும் எத்தனையோ வருஷமாகப் போடுகிறேன். இன்றுவரை என் பேர் அவர் வாயில் வந்ததில்லை. "தம்பி, நல்லா கலைச்சுப் போடு" என்பதோடு சரி. எனக்கே தலை நரைத்துவிட்டது, இன்னும் தம்பியாம்!

போக்கர்தான் அவருக்குப் பிழைப்பு. முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி காலையில் வந்து உட்காருவார். குடி கிடையாது. முட்டை சாண்ட்விச், கறுப்புக் காப்பி, முடிவில் அந்தப் பழம். ஊரே அவரைத் திட்டுவதற்கு முதல் காரணம் அவர் யோசிக்கிற நேரம். கையில் இரண்டு ராஜா இருந்தாலும் சரி, ஒன்றுக்கும் உதவாத குப்பை இருந்தாலும் சரி, மேல்கூரையைப் பார்த்தபடி ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பார். சட்டென்று சீட்டைப் போட்டுவிட்டு அந்தச் சுற்றிலிருந்து விலகினால் கையில் ஒன்றுமில்லை என்று எதிராளி தெரிந்துகொள்வானாம். அதற்குள் எங்களுக்கு உயிர் போய்விடும்.

"யோவ் லானி, இருக்கியா செத்துட்டியா? மூக்குல கை வெச்சுப் பாக்கட்டுமா?" என்பார் மிக் டோர்சி. எதிரே உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காத ஆள்.

"அவசரம்னா போய் பஸ்ஸைப் பிடி. இங்க ஏன் உக்காந்திருக்க?" என்பார் லானி, மேல்கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

இரண்டாவது காரணம் கொஞ்சம் பெரியது. பல வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய போட்டியில் கடைசி மூன்று பேரில் லானியும் இருந்தார், அவர் மனைவி கேரலும் இருந்தார். கேரல் தன் பந்தய வில்லைகள் முழுவதையும் மேசை நடுவே தள்ளினார். லானி வெகுநேரம் மேலே பார்த்துவிட்டுச் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளி விலகிக்கொண்டார். கடைசியில் கோப்பை கேரலுக்குப் போயிற்று. புருஷன் பொண்டாட்டிக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் என்று ஊர் கொதித்தது. எங்கள் ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பது திருட்டுக்குச் சமம்.

அந்த இரண்டு சீட்டைத் திருப்பிக் காட்டியிருந்தால் அன்றைக்கே பேச்சு அடங்கியிருக்கும். மனுஷன் காட்டவில்லை. "பாக்கணும்னா பணம் கட்டிப் பாரு. ஓசியில எவனுக்கும் காட்ட மாட்டேன்" என்றார். பந்தயத்துக்குச் சமமாகப் பணம் கட்டியவனுக்குத்தான் சீட்டைக் காட்ட வேண்டும் என்பது போக்கர் விதி. எதைக் கையில் வைத்துக்கொண்டு எப்படி ஆடுகிறார் என்று தெரிந்துவிட்டால் பிழைப்பு என்னாவது? நியாயம்தான். ஆனால் கேரல் கண்கலங்கி, "எனக்காகவாவது காட்டித் தொலையேன்" என்று கேட்டபோதும் காட்டவில்லையே! சீட்டை வாரியவன் நான்தான். கவிழ்ந்த சீட்டை நானும் பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. கேரல் முதலில் ஆட்டத்தை விட்டார், பிறகு அவரையும் விட்டுவிட்டுப் போனார். இதில் எனக்கு லானிமேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

மகள் டீனா இப்போது ஆட வந்திருக்கிறாள், அம்மாவின் குடும்பப் பேரில். பேரை மாற்றி என்ன செய்ய, அப்படியே லானியின் மூக்கு. இந்தக் கோடைப் போட்டியில் குலுக்கலில் இரண்டு பேருக்கும் என் மேசையே விழுந்தது. காப்பி எடுக்கும் இடத்தில் அவள் அவரை மடக்கினாள்.

"அப்பா, நீ எனக்கு விட்டுட்டேன்னு ஒரு பேச்சு வந்துது, நானும் அம்மா மாதிரி மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"சீட்டு என்ன சொல்லுதோ அதைத்தான் செய்வேன்."

"எனக்குத் தெரியும்பா. ஊருக்கு யாரு சொல்றது?"

லானி காப்பியை ஊதினார்.

மத்தியானம் அது நடந்தேவிட்டது. மற்றவர்கள் விலகி, அப்பாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். சுற்றுக்குச் சுற்று லானிதான் பந்தயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழ வேண்டிய ஐந்து சீட்டும் விழுந்தாயிற்று. டீனா தன்னிடமிருந்த அத்தனையையும் உள்ளே தள்ளினாள். லானி மேல்கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பொண்டாட்டிக்கு விட்டவன் பொண்ணுக்கு விடமாட்டானா?" என்றார் அதே மேசையில் விலகி உட்கார்ந்திருந்த மிக், பக்கத்து ஆளிடம் சொல்வது போல, எல்லோருக்கும் கேட்க.

"மிக், ஆட்டம் நடக்குது. வாயை மூடுங்க" என்றேன்.

டீனா கையைத் தூக்கினாள். "நேரம் வைங்க. எங்கப்பான்னு பாக்காதீங்க."

மேற்பார்வையாளர் கடிகாரத்தோடு வந்து நின்றார். அவர் வைத்த கெடு முடியப் போகிற நேரத்தில் லானி பழக்கொட்டையை எடுத்தார். இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடியே என் பக்கம் தள்ளினார். விலகிவிட்டார்.

"நான் சொல்லல?" மிக் கை தட்டினார். "வாழ்த்துகள்மா. உங்க வீட்டு வழக்கம்தானே!" பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வில்லைகளை அள்ளப் போன டீனாவின் கை அப்படியே நின்றது. அன்றைக்குக் கேரலின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அதே முகம். ஆனாலும் என் வேலை என் வேலை. கவிழ்ந்த சீட்டை வாரக் கை நீட்டினேன்.

லானியின் உள்ளங்கை என் மணிக்கட்டின்மேல் வந்து விழுந்தது. "இரு தம்பி."

"அப்பா, வேண்டாம்" என்றாள் டீனா. "உன் ஆட்டம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும்."

அவர் திருப்பினார். கிளாவர் நாலு. அடுத்தது டைமண்ட் ஒன்பது. நடுவில் கிடந்த எதோடும் சேராத வெறும் குப்பை. அத்தனை சுற்றும் கூட்டியதெல்லாம் நல்ல சீட்டு இருப்பது போல் காட்டிய மிரட்டல். அதை வைத்துக்கொண்டு எந்தப் பைத்தியமும் பணம் கட்டாது. மேசையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மிக் மட்டும் கண்ணாடியைத் தேடிப் பையைத் துழாவினார்.

லானி அந்த இரண்டு சீட்டையும் அவருக்கு நேராகத் திருப்பி, ஒரு விரலால் கிட்டே நகர்த்தி வைத்தார்.

"நல்லா பாத்துக்கோ, மிக். ஓசிதான்."