இரண்டு கையும் திறக்கும் கார்டிகன்

லூக்காஸ் அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மனைவி திரேசா அக்கா தொலைபேசியில் சொன்னபோது, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணியிருக்கும். தங்கை வசந்தியை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போக வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டிக்கு நின்றுகொண்டிருந்தேன். தேநீர்க் கோப்பையோடு இருந்தவர் நெஞ்சைப் பிடித்தாராம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக்குப் போய் அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி வந்தது. வசந்தி ஏறிவிட்டாள். நான் தொலைபேசியோடு தெருவிலேயே நின்றேன்.

பம்பலப்பிட்டி அலுவலகத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகும் நாளில் நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

தபால் பிரிவில் இருந்த மனிதர் பின்னல் ஊசி பிடித்த கதை உங்களுக்குத் தெரியும். வைத்தியர் சிகரெட்டை விடச் சொன்னார். விட்ட ஒரு கிழமைக்குள் மேசையிலிருந்த பென்சில்களையெல்லாம் கடித்துத் தீர்த்துவிட்டார். பிறகு ஒருநாள் மனைவியின் ஊசிகளையும் ஒரு நூல்பந்தையும் கொண்டுவந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்தார். "வாய் சொல்லுக் கேட்டிருச்சு மிஸ். கைதான் கேக்க மாட்டேங்குது" என்றார். கொழும்பு வெயிலில் ஒரு ஆண்பிள்ளை கம்பளிச் சட்டை பின்னினால் சிரிக்காமல் என்ன செய்வது? அவரும் சேர்ந்து சிரித்தார், ஊசி மட்டும் நிற்கவில்லை. ஒரு கண்ணி தவறினால் போதும், முழு வரிசையையும் இழுத்து அவிழ்ப்பார். "அவுக்கிறதுக்கு வெக்கப்பட்டா சட்டை உருப்படாது" என்பார்.

அந்த நாட்களில்தான் வசந்திக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகின. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவள் இடக்கைக்காரி என்பதால் ஊசி ஏற்றுவதற்கென்று வலது கையில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். ஊசி நழுவினால் தாதிக்கு உடனே தெரிய வேண்டும், ஆகவே அந்தக் கையைப் போர்த்த விடமாட்டார்கள். நான்கு மணித்தியாலம், குளிரூட்டிக்கு நேர் கீழே. ஒருநாள் பாதியில் எழும்பி வந்துவிட்டாள். "சாகிறதெண்டா வீட்டிலை சூடாக் கிடந்து சாகிறன். இனி என்னைக் கூப்பிடாதை" என்றாள். தவணைகளைத் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

லூக்காஸ் அண்ணனிடம் ஓடி, ஊசி ஏற்றவும் இடம்விட்டுக் குளிரும் தாங்குகிற மாதிரி ஒரு கார்டிகன், முன்பக்கம் பட்டன் வைத்த கம்பளிச் சட்டை, பின்ன முடியுமா என்று கேட்டேன். அவருடைய மாதிரிப் புத்தகத்தில் இருந்ததெல்லாம் தைத்து மூடிய கைகள். ஒரு படத்தின் கை நெடுக விரலால் கோடு இழுத்தார். "ஒரு கையைத் தைக்காம விட்டு, தோளுக்குக் கீழேருந்து மணிக்கட்டு வரைக்கும் பட்டன் வைப்போம். ஊசி ஏத்துற இடத்துல மட்டும் கழட்டினாப் போதும், மிச்சம் மூடியே இருக்கும். எந்தக் கைன்னு அளவோட வரைஞ்சு கொண்டு வாங்க" என்றார். அன்று மாலையே வசந்தியைக் கதிரையில் இருத்தி, எதிரே நின்று, ஒரு தாளில் வரைந்து எடுத்தேன்.

அது முடியும்வரை எப்படியோ சமாளித்து வசந்தியைக் கூட்டிப்போனேன். அவர் பின்னித் தந்த பிறகு வந்த திங்கட்கிழமை அவள் புதுக் கார்டிகனைப் போட்டுக்கொண்டு வந்தாள். கட்டிலில் படுத்ததும் தாதி வலது கையைப் பிடித்தார். அது தைத்து மூடியிருந்தது. பட்டன்கள் இருந்தது இடது கையில்; விடியாத இருட்டில் அவசரமாகப் போட்டுவிட்ட நானும் கவனிக்கவில்லை. வசந்தி அதைக் கழற்றி என் மடியில் போட்டாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "புதன்கிழமை நான் வரமாட்டன், அக்கா."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மறுநாள் காலை கார்டிகனை அவர் மேசையில் எறிந்து நான் கத்தியது வாசல் காவலாளி வரைக்கும் கேட்டிருக்கும். "ஏன் லூக்காஸ் அண்ணன், இடம் வலம் கூடத் தெரியாமலோ ஒரு உயிரோடை விளையாடுறீங்கள்?" அவர் சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்துப் பார்த்தார். மடித்துத் திரும்ப வைத்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு மிஸ்?" என்று மட்டும் கேட்டார். அன்று மதியமே யாரோ 'இடம்வலம் லூக்காஸ்' என்றார்கள். அவர் ஓய்வு பெறும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

புதன்கிழமை கெஞ்சி அழுது வசந்தியை இழுத்துப் போனேன். ஏழு மணிக்கு அவள் முறை. ஆறே முக்காலாகியும் லூக்காஸ் அண்ணனைக் காணவில்லை. "வா, வீட்டை போவம்" என்று வசந்தி எழும்பிவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவர் கார்டிகனோடு மூச்சு வாங்க வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் விழுந்தார். இன்னும் இரண்டு பட்டன் தைக்க வேண்டும். இடைவெளி பார்க்கத் தாளை முழங்காலில் விரித்தார். உள்ளே வசந்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் தாளைப் பார்த்தேன்.

எதிரே நின்று வரைந்திருந்தேன் அல்லவா? என் இடப்பக்கம் தெரிந்தது அவளுடைய வலது கை. அதன் பக்கத்தில் 'இடது' என்று என் கையால் எழுதியிருந்தேன்.

அவர் நூலைக் கடித்து அறுத்தார். "ரெண்டு கையும் திறக்கிற மாதிரியே விட்டுட்டேன் மிஸ். எந்தக் கைக்கு எப்ப தேவை வரும்னு யாருக்குத் தெரியும்?" பிறகு தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "இது இனி எனக்கு வேணாம்."

வாங்கிக் கைப்பையில் வைத்தேன். நன்றி என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று வசந்தி நான்கு மணித்தியாலமும் படுத்திருந்தாள். அதன் பிறகு ஒரு தவணையையும் அவள் விட்டதில்லை.

இந்த வருடம் அவளுடைய வலது கை இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது. இடது கையில் புதிதாகச் சத்திரசிகிச்சை செய்தார்கள். அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை, முதன்முதலாக அதில் ஊசி ஏற்றினார்கள். வசந்தி இடது கைப் பட்டன்களைக் கழற்றிக்கொண்டே, "இந்தக் கையையும் அந்த மனிசன் ஏன் திறந்து விட்டவர்?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டனிலிருந்து கையை எடுத்தாள். "அவரிட்டைச் சொன்னனியே?"

"இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லு."

கொட்டாஞ்சேனையில் அவருடைய சவப்பெட்டியைச் சுற்றி நின்றபோது, "எங்கட இடம்வலம் லூக்காஸ்" என்று சொல்லி நீங்கள் சிலர் அழுதீர்கள். அன்போடுதான் சொன்னீர்கள். திரேசா அக்காகூட அழுகைக்குள் சிரித்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நான்காக மடித்த அந்தத் தாள். பிழை யாருடையது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியை அவர் என் கையிலேயே தந்துவிட்டுப் போனார். இன்று அதை உங்கள் முன் விரிக்கிறேன். அந்தப் பெயரால் இனி அவரை நினைக்காதீர்கள். அது என்னுடைய பெயர். கூப்பிடுவதென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.